கிழப்பூனைக்குத் தாகம் எடுத்தால் என்ன அர்த்தம்? தெரியுமா!

குற்றாலத்தில் பேரருவி சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டுகிறது! ஐந்தருவி, சிற்றருவி, புலியருவி, பழைய குற்றாலம், செண்பகாதேவி, தேனருவி என்று திரும்பின பக்கமெல்லாம் தண்ணீர்! சாரல் மாதங்களில் தென்காசி வீட்டுக் கொடியில் போட்ட துணி நாலு நாள் ஆனாலும் காயாது! இத்தனை ஈரத்துக்கு நடுவே திண்ணையில் சுருண்டு கிடக்கிறதே பூனை, அது ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் தெரியுமா? எலியோ மீனோ வயிறாரக் கிடைத்த நாளில் தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கமே எட்டிப் பார்க்காது!

ஏன் அப்படி? வீட்டுப் பூனைகளின் மூதாதை வட ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் வறண்ட நிலத்தில் திரிந்த காட்டுப்பூனை! இரையின் உடம்பில் இருந்த ஈரமே அதற்குத் தண்ணீர்ப் பந்தல்! ஒரு எலியின் உடம்பில் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர்தான், கவனித்தீர்களா? ஆனால் கடையில் பாக்கெட்டில் விற்கும் உலர் தீனியில் தண்ணீர் வெறும் 10 சதவீதம்!

கடல் தண்ணீரைக் குடித்தே பூனை உயிர் வாழும் என்றால் நம்புவீர்களா? 1959-இல் அமெரிக்காவில் பரிசோதித்தே பார்த்துவிட்டார்கள்! திருச்செந்தூர்க் கடலில் ஒரு வாய் குடித்தால் நமக்குத் தாகம் இன்னும் கூடும். காரணம், கடல் உப்பை வெளியேற்றும் அளவுக்குச் சிறுநீரைக் கெட்டிப்படுத்த நம் கிட்னியால் முடியாது. பூனையால் முடியும்! மனிதச் சிறுநீரைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கெட்டியாக்கும் சாமர்த்தியம் அந்தச் சின்னக் கிட்னிக்கு உண்டு! (அதற்காக யாரும் வீட்டில் சோதித்துப் பார்க்க வேண்டாம். அது ஆரோக்கியமான பூனையின் கணக்கு!)

பூனை தண்ணீர் குடிப்பதை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? நாய் மாதிரி நாக்கைக் கரண்டியாக்கி அள்ளுவதில்லை! நாக்கின் நுனி மட்டும் தண்ணீரை லேசாகத் தொடும். சட்டென்று மேலே இழுக்கும். கூடவே ஒரு தண்ணீர்த் தூண் எழும்பும். அது விழுவதற்குள் வாயை மூடிவிடும்! வினாடிக்கு 4 தடவை! ஒரு தடவைக்குக் கிடைப்பது 0.1 மில்லி! அதிவேகக் கேமராவில் இதைப் பிடித்து 2010-இல் வெளியிட்டது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வுக் குழு. ஒரு 200 மில்லி டம்ளர் காலியாக எத்தனை நக்கு? கணக்குப் போடுங்கள்! 2,000! விடாமல் நக்கினாலும் 8 நிமிடத்துக்கு மேல்!

கம்பர் தம் ராமாயணத்தின் அவையடக்கத்தில், பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புறப்பட்ட பூனை என்று தம்மையே சொல்லிக்கொள்வார் அல்லவா? அந்தப் பூனைக்கு வேறொரு சிக்கலும் இருக்கிறது! குட்டிப் பருவம் தாண்டிய பூனைகளில் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடும். கடல் வற்றுவதற்கு முன் வயிறு கலக்கிவிடும்!

சரி, கிட்னிக்கு வருவோம்!

நெஃப்ரான் என்பது கிட்னிக்குள் இருக்கும் வடிகட்டி. மனிதனின் ஒரு கிட்னியில் சுமார் 10 லட்சம்! நாய்க்கு 4 லட்சம்! பூனைக்கு? 2 லட்சம்தான்! செத்த நெஃப்ரான் மறுபடி முளைக்காது. பிறக்கும்போதே குறைந்த முதலோடு கடை போட்ட பிராணி!

அந்த 2 லட்சமும் செய்கிற வேலையைப் பாருங்கள்! 4 கிலோ பூனையின் உடம்பில் மொத்த ரத்தமே கால் லிட்டர் அளவுதான். ஆனால் அதன் கிட்னிகள் ஒரு நாளில் வடிகட்டும் நீர் 10 லிட்டருக்கு மேல்! ஒரு சின்ன வாளி நிறைய! அதில் அரை டம்ளரைச் சிறுநீராக விட்டுவிட்டு, பாக்கி அத்தனையையும் ரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது! சிக்கனம் என்றால் இதுவல்லவா சிக்கனம்!

இதில் இன்னொரு விந்தை. நெஃப்ரான்களில் மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் சிறுநீரைக் கெட்டியாக்கும் சக்தி குறையத் தொடங்கும்! நாலில் மூன்று பங்கு போன பிறகுதான் வழக்கமான ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்ற கழிவு ஏறித் தெரியும்! அதுவரை? பூனை வழக்கம்போல் மதிலேறும், அணிலைத் துரத்தும், அடுப்பங்கரையில் காலைச் சுற்றும்! வெளியே ஒன்றுமே தெரியாது!

எத்தனை பூனைக்குக் கிட்னி நோய் வருகிறது தெரியுமா? 10 வயது தாண்டியவற்றில் மூன்றில் ஒன்றுக்கு மேல்! 15 வயது தாண்டிய பூனைகளைச் சோதித்த ஓர் ஆய்வில், ஐந்தில் நான்குக்கு நாள்பட்ட கிட்னி நோய்! 10 வயது என்றால் மனிதக் கணக்கில் சுமார் 56. பதினைந்து என்றால் 76! இருபது என்றால் 96!

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வாருங்கள். தண்ணீரை ஏறெடுத்தும் பார்க்காத பிராணி, ஒரு நாள் கிணற்றடி வாளியில் தலையை விட்டுக் குடிக்கிறது. மறுநாள் குளியலறை மக்கில். அடுத்த நாள் செடிக்கு ஊற்றிய தண்ணீரில்! வீட்டார் என்ன சொல்வார்கள்? "கிழவி நல்லா தண்ணி குடிக்கா, உடம்பு தேறிட்டு!" இல்லவே இல்லை! வயசான பூனைக்குத் திடீரென்று தாகம் எடுத்தால், கிட்னி தண்ணீரைப் பிடித்துவைக்க முடியாமல் கோட்டைவிடுகிறது என்று அர்த்தம்! உள்ளே இருப்பதெல்லாம் சிறுநீராக ஓடிவிடுவதால்தான் வெளியே தண்ணீர் தேடுகிறது. 4 கிலோ பூனை நாளுக்கு 200 மில்லிக்கு மேல் குடித்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது டாக்டர்களின் கணக்கு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்! (சர்க்கரை நோயிலும் தைராய்டு கூடினாலும் இதே தாகம் வரும். எப்படியானாலும் டாக்டரிடம் போக வேண்டிய தாகம்தான்!)

நாற்றம் குறைவதும் கெட்ட சகுனம் என்றால் சிரிப்பீர்கள்! பூனை மூத்திரத்தின் அந்த மூக்கைத் துளைக்கும் வீச்சம், அது கெட்டியாக இருப்பதன் அடையாளம். கிட்னி பழுதான பூனையின் சிறுநீர் பச்சைத் தண்ணீர் மாதிரி நிறமும் இருக்காது, வாடையும் இருக்காது! மண் தட்டில் ஈர உருண்டைகள் மட்டும் பெரிசு பெரிசாகக் கிடக்கும். "இப்பல்லாம் நாறவே மாட்டேங்குது" என்று சந்தோஷப்பட்டால் தப்பு!

நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு 3 வருடம் முன்பே எடை குறையத் தொடங்கிவிடுகிறது, தெரியுமா? முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும்; ரோமம் சிக்குப்பிடித்துக் கிடக்கும்; "வயசாச்சுல்லா" என்று விட்டுவிடுவோம். 4 கிலோ பூனையில் அரைக் கிலோ குறைந்தால் அது சின்ன விஷயமா? 64 கிலோ ஆள் 8 கிலோ இளைத்ததற்குச் சமம்! மாதம் ஒரு தடவை பூனையைக் கட்டைப்பையில் வைத்து மளிகைக்கடை எடை மெஷினில் நிறுத்துவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. பூனையின் முறைப்பைத் தாங்கினால் போதும்!

கிரியேட்டினின் 1.6-க்குக் கீழே இருந்தால் முதல் நிலை, 2.8 வரை இரண்டாவது. 5 வரை மூன்றாவது. அதற்கும் மேல் போனால் நான்காவது! உலகத்து வெட்னரி டாக்டர்கள் 1998-இல் கூடித் தொடங்கிய பன்னாட்டுச் சிறுநீரகக் குழுவின் அளவுகோல் இது. 2015-இல் வந்த எஸ்.டி.எம்.ஏ. என்ற ரத்தச் சோதனை இதையும் விஞ்சிவிட்டது! கிரியேட்டினின் ஏறுவதற்குச் சராசரியாக 17 மாதம் முன்பே பூனையின் நோயைக் காட்டிக்கொடுக்கிறதாம்! பூனையின் ஆயுளில் 17 மாதம் என்பது நமக்கு அஞ்சாறு வருடம்!

ஏன் பூனையைத் தேடி இந்த நோய் வருகிறது?

ஜப்பான் டாக்டர் டோரு மியாசாகி சொல்லும் காரணத்தைக் கேட்டால் வாய் பிளப்பீர்கள்! ரத்தத்தில் ஏ.ஐ.எம். என்றொரு புரதம் உண்டு. அவர் 1999-இல் கண்டுபிடித்தது. கிட்னிக்குள் செத்த செல்கள் குப்பையாக அடைத்துக்கொண்டால், இந்தப் புரதம் போய் ஒட்டிக்கொண்டு "இதை அள்ளு" என்று அடையாளம் காட்டும், துப்புரவு நடக்கும். எலிக்கு நடக்கிறது. பூனைக்கு நடப்பதில்லை! ஏனென்றால் பூனையின் ஏ.ஐ.எம். தன்னைச் சுமந்துவரும் பெரிய எதிர்ப்புரதத்தோடு எலியுடையதைப் போல் 1,000 மடங்கு இறுக்கமாக ஒட்டிக்கிடக்கிறது! கழன்று வந்தால்தானே வேலைக்குப் போக! 2016-இல் இது வெளியானது.

கதை இத்தோடு முடியவில்லை! கொரோனாக் காலத்தில் ஆய்வுக்குப் பண உதவி நின்றுபோனது. 2021 ஜூலையில் இந்தச் செய்தி வெளிவந்ததும் ஜப்பானியப் பூனைப் பிரியர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கேட்காமலே அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்! டோக்கியோ பல்கலைக்கழகத்துக்கு ஆயிரக்கணக்கானோர் அனுப்பிய தொகை சுமார் 30 கோடி யென்! பூனை 30 வயது வரை வாழும் நாள் வரும் என்று புத்தகமே எழுதிவிட்டார் மியாசாகி!

30 வயதெல்லாம் நடக்கிற காரியமா என்கிறீர்களா? அமெரிக்காவின் டெக்ஸஸில் கிரீம் பஃப் என்றொரு பூனை 1967 ஆகஸ்ட் 3-இல் பிறந்து 2005 ஆகஸ்ட் 6 வரை இருந்தது! 38 வருடம் 3 நாள்! கின்னஸ் சாதனை!

வீட்டுப் பூனைக்கு மட்டும்தான் இந்தத் தலையெழுத்தா? இல்லை! 2022 செப்டம்பர் 17-ஆம் தேதி நமீபியாவிலிருந்து 8 சீட்டாக்கள் மத்தியப் பிரதேசத்து குனோ காட்டில் வந்து இறங்கினவே, நினைவிருக்கிறதா? சிவிங்கிப்புலி என்று பத்திரிகைகள் எழுதின. தேசமே டி.வி. முன்னால் உட்கார்ந்து பார்த்தது! அதில் ஒருத்தி சாஷா. 2023 ஜனவரியில் சோர்ந்து படுத்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிட்னி! பழைய மருத்துவக் குறிப்பைப் புரட்டினார்கள். 2022 ஆகஸ்ட் 15-ஆம் தேதி, விமானம் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்பே, கிரியேட்டினின் 400-ஐத் தாண்டியிருந்தது! அது வெளிநாட்டு அளவுமுறை. நம் ஊர் லேப் ரிப்போர்ட் கணக்குக்கு மாற்றினால் ஏறக்குறைய 4.5! மணிக்கு நூறு கிலோமீட்டர் பாயும் இனத்தில் பிறந்தவள், 2023 மார்ச் 27-இல் அந்தக் கிட்னி நோயிலேயே போய்ச் சேர்ந்தாள். கூண்டில் வளரும் சிவிங்கிகளின் சாவுக்கு முக்கியக் காரணங்களில் கிட்னி நோயும் ஒன்று என்பது உயிரியல் பூங்கா டாக்டர்களுக்கு முன்பே தெரிந்த சங்கதி!

இனி சாப்பாடு! அதிசயம் இங்கேதான் அதிகம்!

கிட்னிக்கென்று தனித் தீனி எப்படிப் பிறந்தது? ஒரு நாயால்! 1939-இல் அமெரிக்காவில் மோரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்றவரின் வழிகாட்டி நாய் பட்டிக்குக் கிட்னி கெட்டது. மார்க் மோரிஸ் என்ற வெட்னரி டாக்டர் வீட்டுச் சமையலறையிலேயே பத்தியச் சாப்பாடு தயாரித்துக் கொடுத்தார். ஃபிராங்க் ஊர் ஊராகப் போகிறவர். கண்ணாடி ஜாடியில் அடைத்து அனுப்பினால் வழியில் உடைகிறது! டப்பாவில் அடைத்தார். 1948-இல் ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம். இன்று உலகம் முழுக்க விற்கும் கிட்னிப் பத்தியத் தீனிக்கு அதுதான் விதை!

அந்தப் பத்தியம் நிஜமாகவே வேலை செய்கிறதா? இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வைப் பாருங்கள். வழக்கமான தீனியே தின்ற கிட்னி நோய்ப் பூனைகள் நோய் தெரிந்த பின் வாழ்ந்தது நடுமட்டமாக 264 நாள். பத்தியத் தீனி தின்றவை? 633 நாள்! இரண்டு மடங்குக்கும் மேல்! பெரும்பாலும் வெறும் சாப்பாட்டு மாற்றம்தான்!

இதில் வில்லன் யார் தெரியுமா? உப்பு என்பீர்கள், காரம் என்பீர்கள். இல்லை, பாஸ்பரஸ்! எலும்பிலும் முள்ளிலும் அது குவிந்து கிடக்கிறது. கெட்ட கிட்னியால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் தேங்கி, மிச்சக் கிட்னியையும் அரிக்கும். முள்ளோடு மென்று தின்னும் நெத்திலியும் சாளையும் ஆரோக்கியப் பூனைக்கு விருந்து, கிட்னிப் பூனைக்கு வினை! கருவாடோ இரட்டை வினை! முள்ளும் போகாது, உப்பும் போகாது!

ஒரே முட்டைக்குள் நல்லவனும் கெட்டவனும் இருக்கிறார்கள், தெரியுமா? 100 கிராம் மஞ்சள் கருவில் பாஸ்பரஸ் சுமார் 390 மில்லிகிராம்! வெள்ளைக் கருவில் 15 மில்லிகிராம்தான்! 26 மடங்கு வித்தியாசம்! அதனால்தான் பத்தியத் தீனியைத் தொட மறுக்கும் பூனைக்கு அவித்த வெள்ளைக் கருவைப் பிசைந்து ஆசை காட்டச் சொல்கிறார்கள். மீன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால்? முள் எடுத்து, உப்பில்லாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வெதுவெதுப்பான வேறு தண்ணீரில் பிசைந்து கொடுங்கள். வெந்த தண்ணீரோடு கொஞ்சம் பாஸ்பரஸும் போய்விடும்! இதெல்லாம் தொட்டுக்கொள்ள மட்டும். முழுச் சாப்பாடாக இதையே போட்டால் வேறு சத்துக்குறைவு வந்து சேரும்!

பாவூர்சத்திரம் சந்தையில் மூட்டை மூட்டையாக இறங்கும் வெங்காயம் பூனைக்கு விஷம்! பூண்டும்தான்! ரத்தச் சிவப்பணுக்களையே உடைத்துவிடும். மீன் குழம்பில் ஊறிய துண்டைக் கழுவிப் போட்டாலும் வெங்காயச் சாறு உள்ளே இறங்கியிருக்கும். பிரானூர் பார்டரில் பரோட்டாவுக்கு ஊற்றும் சால்னாவும் சேர்த்திதான்!

சைவச் சமையல் வீட்டில் தயிர்ச் சாதத்திலேயே வளரும் பூனைக்கு என்ன ஆகும் தெரியுமா? டாரின் என்ற சத்து சோற்றிலும் பருப்பிலும் கிடையாது. பூனை உடம்பால் போதிய அளவு தயாரிக்கவும் முடியாது. அது இல்லாவிட்டால் கண்ணே குருடாகும் என்று 1975-இலும், இதயம் ஊதிப்போகும் என்று 1987-இலும் கண்டுபிடித்தார்கள்! வெளியே எலியும் பல்லியும் பிடித்துக் கணக்கைச் சரிக்கட்டிக்கொள்கிற பூனைதான் தப்பிக்கிறது. கிழடு எங்கே வேட்டைக்குப் போவது!

திருநெல்வேலி அல்வாவை நீட்டினால் பூனைக்கு எப்படி இருக்கும்? சப்பென்று இருக்கும்! இனிப்பை உணரும் மரபணுவே பூனை இனத்துக்கு உடைந்துபோயிருக்கிறது என்று 2005-இல் தெரியவந்தது! அது நெய் வாசத்துக்காக மோப்பம் பிடித்தால் உண்டு. சூரை மீனுக்கு ஏன் அப்படிப் பறக்கிறது? அந்த மீனில் உள்ள இரண்டு பொருட்கள் சேர்ந்து பூனை நாக்கின் ருசி மொட்டைக் கச்சிதமாகத் தட்டி எழுப்புகின்றன என்று 2023-இல் சொன்னார்கள்! நமக்கு நாக்கில் ஆயிரக்கணக்கில் ருசி மொட்டு; பூனைக்குச் சில நூறுதான். ஆகவே அது நாக்கால் சாப்பிடுவதைவிட மூக்கால் சாப்பிடுவதே அதிகம்! தீனியைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிப் பாருங்கள். வாசம் எழும்பும், திரும்பிப் படுத்த கிழவன் தலையைத் தூக்குவான்!

இன்னொன்று. "ரெண்டு நாள் பட்டினி கிடந்தா தானா தின்னும்" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்! சில நாள் பட்டினியிலேயே உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய் அடைத்துப் பூனை செத்துப்போகும் அபாயம் உண்டு! விரதமெல்லாம் நமக்குத்தான்! புதுத் தீனியைப் பழசோடு துளித் துளியாகக் கலந்து, வாரக்கணக்கில் மெதுவாக மாற்ற வேண்டும். குமட்டலில் இருக்கும்போது புதுத் தீனியைத் திணித்தால் அந்த வாடையை அது ஆயுளுக்கும் மன்னிக்காது!

வைத்தியத்தில் எத்தனை விந்தை!

பூனையை ஒட்டகமாக்கிப் பார்த்திருக்கிறீர்களா? ரிங்கர் லாக்டேட் பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவருவார்கள். ஜன்னல் கம்பியில் தொங்கவிடுவார்கள். மடியில் துண்டு விரித்துப் பூனையை உட்காரவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைச் சுண்டித் தூக்கினால் கூடாரம் மாதிரி எழும்பும். அந்தப் பள்ளத்தில் ஊசி! நரம்பு தேட வேண்டாம்! ஐந்தாறு நிமிடத்தில் 100 மில்லி இறங்கிவிடும். முதுகில் திமில் முளைத்துவிடும்! சில நேரம் அது மெல்லச் சரிந்து முன்னங்காலில் போய்த் தொங்கும். பூனை ஒரு காலில் மட்டும் யானைக்கால் வந்த மாதிரி நடக்கும்! பயப்படாதீர்கள், சில மணி நேரத்தில் உடம்பு உறிஞ்சிவிடும். டாக்டர் ஒரு தடவை காட்டிக்கொடுத்தால் வீட்டிலேயே செய்யலாம். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை மட்டும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இதயம் பலவீனமான பூனைக்கு இது ஆகாது!

அந்த ரிங்கர் யார்? 1880-களில் லண்டனில் தவளையின் இதயத்தை உப்புநீரில் துடிக்கவைத்துப் பார்த்த டாக்டர் சிட்னி ரிங்கர்! சுத்தமான நீரில் நின்றுபோன துடிப்பு, குழாய்த் தண்ணீரில் தொடர்ந்தது! காரணம், குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்! தவளையால் தற்செயலாகப் பிறந்த கண்டுபிடிப்பு, இன்று தென்காசிப் பூனையின் முதுகில் இறங்குகிறது!

"மக்களைத் தேடி மருத்துவம்" பையில் தாத்தா பாட்டிக்கு வீடு தேடி வருகிறதே அம்லோடிபின், பி.பி. மாத்திரை, அதுதான் பூனைக்கும்! ஆமாம், கிட்னி கெட்டால் பூனைக்கும் பி.பி. ஏறும்! 5 மில்லிகிராம் மாத்திரையில் பூனைக்கு டாக்டர்கள் கொடுப்பது வழக்கமாக எட்டில் ஒரு பங்குதான்! பி.பி.யை எங்கே பார்ப்பார்கள் தெரியுமா? முன்னங்காலில், இல்லாவிட்டால் வாலில் பட்டை சுற்றி! 160-ஐத் தாண்டி நீடித்தால் ஆபத்து. கண்ணின் விழித்திரையே பிய்ந்துகொண்டு, நேற்று வரை பார்த்த பூனை இன்று சுவரில் முட்டிக்கொள்ளும்! உடனே மருந்து கொடுத்தால் சில பூனைகளுக்குப் பார்வை திரும்பியதும் உண்டு! (தாத்தா டப்பாவிலிருந்து நீங்களாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்!)

பசிக்குக் காதில் மருந்து தடவுவார்கள் என்றால் நம்புவீர்களா? மிர்டாஸபின் என்பது மனிதர்களின் மனச்சோர்வுக்கான மருந்து. அதைக் களிம்பாக்கிக் காது மடலின் உள்பக்கம் பூசினால் பூனைக்குப் பசி எடுக்கும்! 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பூசுகிறவர் கையுறை போட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து அவருக்குள் போய்விடும்!

கிட்னி கெட்டால் ரத்தம் ஏன் வற்றுகிறது? சிவப்பணு தயாரிக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குக் கட்டளை அனுப்புவதே கிட்னிதான்! பூனையின் சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 70 நாள், நம்முடையதற்கு 120. அதனால் பூனை சீக்கிரம் வெளுக்கும். இதற்கென்றே மாலிடுஸ்டாட் என்ற வாய்வழி மருந்துக்கு 2023-இல் அமெரிக்கா நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது!

பூனைக்குக் கிட்னி மாற்று அறுவை சிகிச்சையும் உண்டு! கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 1987-லேயே செய்துவிட்டார்கள்! கிட்னி எங்கிருந்து? இன்னொரு பூனையிடமிருந்து! அதற்கு நிபந்தனை என்ன தெரியுமா? கொடுத்த பூனையையும் அதே வீட்டார் ஆயுள் முழுக்க வளர்க்க வேண்டும்! நல்ல நிபந்தனைதான். ஆனாலும் வாய் திறந்து சம்மதம் சொல்ல முடியாத ஜீவனிடம் கிட்னி வாங்குவது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது.

கை வைக்கக் கூடாதவை!

காய்ச்சல் என்று அரைப் பாராசிட்டமால் கொடுத்தால்? பூனை செத்துப்போகும்! மிகை இல்லை! அதை முறித்துக் கழிக்கும் நொதி பூனைக்குக் கிடையாது. ரத்தம் சாக்லேட் நிறமாகும், ஈறு நீலம் பாரிக்கும், முகம் வீங்கும்! வலி மாத்திரைகள் கிட்னிக்கு என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமா? இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகள் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தது எதனால்? மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக்! செத்த மாட்டைத் தின்ற கழுகின் கிட்னி நின்றுபோனது! 2006-இல் கால்நடைக்கு அதைத் தடை செய்தார்கள்.

பூங்கொத்தில் வரும் லில்லிப் பூவின் மகரந்தம் ரோமத்தில் ஒட்டி, பூனை அதை நக்கினாலே போதும், கிட்னி நாசம்! பூ, இலை, தண்டு, ஜாடித் தண்ணீர், எல்லாமே விஷம்! நம் மாநில மலரான செங்காந்தள் அந்த லில்லிக் குடும்பமில்லை. ஆனால் அதுவும் கொடிய விஷம், வேறு வகையில்!

குற்றாலத்து நாட்டு மருந்துக் கடைகளில் நெருஞ்சியும் சிறுபீளையும் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். கல்லடைப்புக்கு மனிதர்கள் குடிப்பது. அதைப் பூனை வாயில் புகட்டாதீர்கள்! பூனைக்கு வருவது பெரும்பாலும் கல்லடைப்பு இல்லை, வடிகட்டியே தேய்ந்துபோவது. தேய்ந்ததற்குக் கஷாயம் இல்லை.

2019 நவம்பர் 22-இல் தனி மாவட்டமான தென்காசியிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில், திருநெல்வேலி ராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, தெரியுமா? 2012-இல் தொடங்கியது! மாடும் ஆடும் மட்டும்தான் அங்கே போகும் என்று நினைத்துக்கொண்டு எத்தனை பேர் பூனையைக் கூட்டிப்போகாமலே இருந்துவிடுகிறார்கள்!

உங்கள் வீட்டுப் பூனைக்கு வயது பத்தாகிவிட்டதா? இந்த வாரமே மூடியுள்ள கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு போங்கள். ரத்தத்தில் கிரியேட்டினின், பாஸ்பரஸ், சிறுநீரின் அடர்த்தி, பி.பி., இந்த நாலையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதன்பின் வருடத்துக்கு இரண்டு தடவை பாருங்கள். போகும்போது அது ஒரு நாளில் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்பதை அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போனால், டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்!